மெஷினுக்கு உடம்பு சரியில்லை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், பட்டறையின் பின்மூலையில், பசை வாளிகளுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவே வீற்றிருக்கும், மரம் தேய்க்கும் சாண்டிங் மெஷினுக்கு உடம்பு சரியில்லை. அது குணமாகும்வரை இங்கே எவரும் நிம்மதியாகத் தூங்கக் கூடாது. வீட்டில்கூட.

இந்த அறிவிப்பை முதலாளி ஒலிபெருக்கியில் செய்தார். ஒலிபெருக்கி அவருடைய சமீபத்திய காதல். கேட்க நின்ற தொழிலாளிகள் ஒரு டஜனுக்கும் குறைவு. எல்லோரும் அவர் தும்மினால் நனையும் தூரத்தில்தான் நின்றார்கள். ஆனாலும் வாயால் சொன்னால் செய்தி, ஒலிபெருக்கியில் சொன்னால் வரலாறு என்பது அவருடைய கட்சி. அவருடைய அப்பா இந்தப் பட்டறையை ஒரு இருமலையும் ஒரு முறைப்பையும் வைத்தே காலமெல்லாம் நடத்திவிட்டுப் போனார். மகனுக்கு அது போதவில்லை. பசை தீர்ந்துபோனால் ‘மூலப்பொருள் நெருக்கடி’ என்பார். மின்விசிறி நின்றுபோனால் ‘உள்கட்டமைப்புச் சவால்’. கழிப்பறைக் குழாய் ஒழுகியபோது அதற்கு என்ன பெயர் வைத்தார் என்பதை இங்கே எழுத முடியாது, நீளம் கருதி.

இந்த முறை விஷயம் கொஞ்சம் நிஜம்தான். பாலர் பள்ளி ஒன்றுக்குச் செய்து அனுப்பிய குட்டி நாற்காலிகள் வண்டியேறித் திரும்பி வந்துவிட்டன. ஒரு குழந்தையின் கையில் மரச்சிராய் ஏறியிருக்கிறது. மறுநாள் இன்னொன்றுக்கு. தலைமை ஆசிரியை நேரிலேயே வந்து, கைப்பிடியில் தேய்க்காத இடமும் கருகின இடமும் இருப்பதைக் காட்டி, அடுத்த தடவையும் இப்படி என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சத்தமே போடாமல் சொல்லிவிட்டுப் போனார். சத்தம் போடாமல் சொல்கிறவர்கள் சொன்னபடி செய்துவிடுவார்கள் என்பது முதலாளிக்கே தெரியும்.

“தப்பு மனுஷங்ககிட்ட இல்ல” என்றது ஒலிபெருக்கி. “மெஷின்கிட்ட. என் ஆளுங்களை நான் நம்பறேன்.”

நம்புகிற கண்ணோடு அவர் திரும்பிப் பார்த்தது கடைசி வரிசையில் நின்ற வெண்ணெயை. வெண்ணெய் தரையில் கிடந்த மரத்தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெண்ணெய் என்பது அவர் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. பல வருஷங்களுக்கு முன், பழைய முதலாளி அவர் தேய்த்து முடித்த ஒரு மேசைமீது கையை வைத்து, இருமுவதற்குப் பதிலாக, “வெண்ணெய்” என்றாராம். அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது. மேசையைச் சொன்னாரா, பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற ஆளைச் சொன்னாரா என்று பட்டறையில் இரண்டு கட்சி உண்டு. வெண்ணெய் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. கூப்பிட்டால் திரும்புவார், அவ்வளவுதான்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். எந்தச் சாமானும் பாலீஷ் போடப் போகுமுன் வெண்ணெயின் மேசைக்கு வரவேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு நாலு விரல் நுனியால் மரத்தை ஒரு முறை தடவுவார். மேல்பக்கம், ஓரம், அடிப்பக்கம். இதற்குக் ‘கை பார்ப்பது’ என்று பெயர். கண் ஏமாறும், வெளிச்சம் ஏமாற்றும், விரல் மட்டும் ஏமாறாது என்பது பழைய முதலாளி காலத்துச் சட்டம். சரியாக இருந்தால் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு விழாத சாமான் வாசலைத் தாண்டாது. பட்டறையில் அவருக்கு வேறு வேலை எதுவும் பெரிதாக இல்லை. மெஷின் எட்டாத வளைவுகளை உப்புத்தாளால் தேய்ப்பார், கை பார்ப்பார், கோடு போடுவார். அந்தச் சாக்பீஸ் கையில் இருக்கிறவரைக்கும்தான் அவர் அங்கே ஆள். அது போனால், கனமான பலகை தூக்க வயதில்லை, ரம்பத்துக்குக் கண் போதாது, வீட்டுக்குத்தான்.

அந்த விரல்களுக்குத்தான் இப்போது ஒன்றும் தெரிவதில்லை.

ஒரே நாளில் வந்த கேடு அல்ல அது. இந்த மேசைக்கு வருமுன் பாதி ஆயுளை அவர் இதற்கு முந்தைய மெஷினோடு கழித்தவர். அது நடுங்கும், அவர் பிடித்துக்கொண்டு நிற்பார், இரண்டு பேரும் சேர்ந்து நடுங்குவார்கள். முதலில் காலையில் எழுந்ததும் விரலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டால் நுனி வெளுத்தது. பிறகு எறும்பும் போய்விட்டது. ஒருநாள் பைக்குள் கைவிட்டு வீட்டுச் சாவியைத் தேடியபோது, உள்ளே இருப்பது சாவியா, ஆணியா, மூக்குக்கண்ணாடியின் காலா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் வாசற்படியில் கொட்டி, கண்ணால் பார்த்துப் பொறுக்கினார். வருத்தமாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

டாக்டரிடமும் போனார். டாக்டர் ஊசிமுனையால் விரல் விரலாகக் குத்தி, தெரிகிறதா என்று கேட்டார். ஊசி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, தெரிகிறது, தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார் வெண்ணெய். இப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அவசரமாக ஒரு வேலை இருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று வெண்ணெய் எழுந்து வந்துவிட்டார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

அப்புறம் எப்படி வேலை ஓடியது என்றால், காதால். நல்ல மரத்தில் விரல் ஓடினால் ஒரு சத்தம், சொரசொரப்பில் ஓடினால் வேறு சத்தம். பட்டறை சத்தமாக இருந்தால், கன்னத்தால். சந்தேகப்பட்ட நாற்காலியைக் கிடங்குக்குத் தூக்கிக்கொண்டு போய், கைப்பிடியைக் கன்னத்தில் வைத்து இழைப்பார். கன்னத்துக்கு எல்லாம் தெரிந்தது. ஆனால் எத்தனை நாற்காலியைத்தான் ஒரு மனிதன் கிடங்குக்குத் தூக்கிப் போக முடியும்? மிச்சத்துக்குக் கண்ணை மூடி, விரலை ஓட்டி, கோடு போட்டார். பூனையும் அப்படித்தான் செய்யும் என்பார்கள்.

மெஷின் ஓட்டுகிறவன் அவர் மனைவியின் தம்பி. நாற்பதைத் தாண்டியவன், வாயும் மெஷினுக்குச் சமமாக ஓடும். ஒருநாள் திருகாணி எடுக்கக் கிடங்குக்குள் நுழைந்தவன், மாமா ஒரு குட்டி நாற்காலியைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தோடு கன்னம் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டான்.

“அக்கா உசுரோடதான இருக்கா?” என்றான்.

வெண்ணெய் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுப் பல்வலி என்றார். பல்வலிக்கு நாற்காலி வைத்தியத்தை முதல் தடவையாகக் கேள்விப்படுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான் மைத்துனன். போனவன் வாசலில் ஒருமுறை திரும்பி, சிரிக்காமல் பார்த்தான். அந்தப் பார்வையை வெண்ணெய் கவனித்தார். கவனித்து, அடுத்த நாற்காலியை எடுத்தார்.

ஆகவே, மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்று ஒலிபெருக்கி முழங்கியபோது அந்தப் பட்டறையில் ஆறுதல் அடைந்த ஒரே ஜீவன் வெண்ணெய்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே நிஜமாகவே கூடம் கோணல். ஆடுகிறவர் வாயைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை.

மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஒரு மோட்டார். அதன் ஒரு பக்கம் இரண்டு உருளைகளுக்கு நடுவே வளையமாகச் சுற்றும் உப்புத்தாள் பெல்ட். இன்னொரு பக்கம் தட்டு மாதிரி ஒரு டிஸ்க், அதன் முகத்தில் ஒட்டிய வட்ட உப்புத்தாள், முன்னால் மரத்தை வைக்க ஒரு சின்ன இரும்பு மேசை. நீளத்துக்குப் பெல்ட், முனைக்கும் மூலைக்கும் டிஸ்க். இதை வாங்கிய அன்று முதலாளி பேசிய பேச்சில் மனித குல முன்னேற்றத்தில் பாதி இதனால்தான் என்று தெரியவந்தது. மீதிப் பாதி அந்த ஒலிபெருக்கியால்.

வைத்தியம் பார்க்க ஒரு நிபுணர் வந்தார். கழுத்தில் அட்டை, இடுப்பில் கருவிப் பை, நடையில் ஒரு வெற்றி. வந்ததும் மெஷினைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், பெண் பார்க்க வந்த வீட்டு மாமனார் மாதிரி. பிறகு, “மெஷின் பொய் சொல்லாது” என்றார். முதலாளி உடனே அதை ஒலிபெருக்கியில் திருப்பிச் சொன்னார்.

வெண்ணெய்க்கு அந்த ஆளைப் பார்த்ததும் நிம்மதியாகத்தான் இருந்தது. இப்படி நடக்கிறவர்களுக்கு வேலை தெரியாது என்பது அவர் அனுபவம். மாதக்கணக்கில் இழுப்பார், மெஷின் செத்தே போகும், அதன் தலையில் எல்லாப் பழியையும் போட்டுப் புதைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

கணக்கு தப்பு. அந்த மனிதருக்கு வேலை தெரிந்திருந்தது. அகம்பாவமும் திறமையும் ஒரே உடம்பில் குடியிருக்காது என்று எந்தச் சட்டமும் இல்லை.

முதல் புகார், பெல்ட் ஒரு பக்கமாக நழுவுகிறது என்பது. ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஓரத்துக்குப் போய், மெஷினின் உடம்பிலேயே உரசி, நூல் நூலாகப் பிரியும். மரத்தில் ஒரு விளிம்பு தேயாமலே நிற்கும். நிபுணர் பெல்ட்டைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஓர் அம்புக்குறி, சுற்றவேண்டிய திசை. பட்டறையில் இத்தனை நாளாகப் பெல்ட்டைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். அதனால்தான் ஒட்டுப்போட்ட இடம் தூக்கிக்கொண்டு டப் டப் என்று அடித்தது. யார் மாட்டியது என்று முதலாளி கேட்டார். மைத்துனன் மேற்கூரையின் உறுதியை ஆராய்ந்தான். நிபுணர் சரியாக மாட்டி, இழுவையை முறுக்கி, பக்கத்திலிருந்த குமிழை இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் திருப்பினார். பெல்ட் உருளையின் நடுவில் வந்து நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒழுங்காக ஓடிற்று.

எல்லோரும் கை தட்டினார்கள். வெண்ணெயும் தட்டினார். தட்டுவது தெரியவில்லை, சத்தம் கேட்டது.

அடுத்தது டிஸ்க். உப்புத்தாள் ஓரம் தூக்கிக்கொண்டு கிழிந்துகொண்டே இருந்தது. பழைய பசையின் மேலேயே, தூசியின் மேலேயே புதுத்தாளை ஒட்டினால் வேறென்ன ஆகும் என்றார் நிபுணர். தட்டைச் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, காயவிட்டு ஒட்டினார். ஒட்டியது ஒட்டியதுதான். முன்னால் இருந்த இரும்பு மேசையில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் மேசை சாய்ந்திருந்தது. நாற்காலிக் கால்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றதன் ரகசியம் அது. அதையும் நேராக்கினார். மரத்தை டிஸ்க்கின் கீழே இறங்குகிற பாதியில்தான் வைக்க வேண்டும், மேலே ஏறுகிற பாதியில் வைத்தால் அது மரத்தைத் தூக்கி உங்கள் முகத்தில் வைக்கும் என்று ஒரு பிரசங்கம். மைத்துனன் தன் புருவத்தில் இருந்த பழைய தழும்பைத் தடவிக்கொண்டான்.

வெண்ணெய் தன் மேசையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் ஆள் இருக்கும்போதே யாரோ கூரையிலிருந்து ஓடு ஓடாகக் கழற்றுகிற மாதிரி இருந்தது. எழுந்து நிறுத்து என்று சொல்லத் தோன்றவில்லை. எத்தனை ஓடு மிச்சம் என்று அண்ணாந்து பார்க்கத்தான் தோன்றியது.

மரத்தில் கருகல் விழுவதற்கு நிபுணர் இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, பெல்ட்டில் மரப்பிசின் அடைத்துக்கொண்டு உப்புத்தாள் மழுங்கிவிட்டது. ஓடுகிற பெல்ட்டின்மேல் ஒரு ரப்பர்க் கட்டியை வைத்துப் பிடித்தார். அடைப்பெல்லாம் உருண்டு உருண்டு வந்தது. இரண்டாவது காரணத்தைச் சொல்லுமுன் திரும்பி வந்த நாற்காலி ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது மெஷின் தப்பு இல்ல. யாரோ அழுத்தறாங்க” என்றார். “மரம் பெல்ட்ல படறது தெரிஞ்சா போதும், கை தானா நிக்கும். இது தெரியாத கை.”

கோடு போட மனம் வராத சாமான்களைச் சில நாள் வெண்ணெயே மெஷினில் கொடுத்துத் தேய்ப்பது உண்டு. மைத்துனன் வாயைத் திறந்தான். பிறகு, நான்தான் சில சமயம் அவசரத்தில் அழுத்திவிடுவேன் என்றான். முதலாளி அவனைத் திட்டினார், ஒலிபெருக்கி இல்லாமல். திட்டுகளை அவர் வரலாற்றில் சேர்ப்பதில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது வெண்ணெய் எழுந்து மெஷினிடம் போனார். குமிழின்மேல் கையை வைத்தார். கொஞ்சம் திருப்பினால் போதும், பெல்ட் மறுபடி நழுவும், நிபுணர் மறுபடி சுற்றிச் சுற்றி வருவார், இன்னும் சில நாள் ஓடும். திருப்பினார். திருப்பினாரா? கை குமிழின்மேல் இருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. குமிழ் சுற்றியதா, விரல்கள்தான் அதன்மேல் வழுக்கினவா என்பது தெரியவில்லை. இன்னொரு முறை முயன்றார். அதுவும் தெரியவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் மேசைக்குத் திரும்பிவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு மெஷினைப் போட்டார்கள். பெல்ட் உருளையின் நடுவிலேயே ஓடிற்று.

ஒரு தப்புக்கூட உருப்படியாகச் செய்ய வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். அதிலும் வருத்தம் ஒன்றும் இல்லை. தகவலாக நினைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி அவரிடம் எதுவும் கேட்பதில்லை. ஆனால் கொஞ்ச நாளாக அவருடைய பித்தான் வைத்த சட்டைகள் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போய், தலைவழியாக மாட்டும் பனியன்கள் அந்த இடத்துக்கு வந்திருந்தன. செருப்புகூட கொக்கி வார் இல்லாததாக மாறிவிட்டது. தேநீரை அவள் கண்ணாடித் தம்ளரில் ஊற்றுவதை நிறுத்தி, கைப்பிடி வைத்த குவளையில் பாதி மட்டும் ஊற்றி, ஆறவைத்து வைத்தாள். ஏன் என்று இவர் கேட்கவில்லை. இதனால்தான் என்று அவள் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் பேசாமலே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மட்டும், குவளையை வைத்துவிட்டு, “தம்பி வந்திருக்கான். வெளிய நிக்கிறான். உள்ள வர யோசிக்கிறான்” என்றாள்.

மைத்துனன் வெளிவாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். முதலில் மழை வருமா என்று கேட்டான். வராது என்றார் வெண்ணெய். பிறகு மெஷினுக்கு இனிமேல் ஒரு கோளாறும் இல்லை, பெல்ட்டுக்குப் பின்னால் இருந்த இரும்புத் தகடு தேய்ந்து பள்ளம் விழுந்திருந்ததையும் அந்த ஆள் மாற்றிவிட்டார், மரத்தில் அலை விழுவது நின்றுவிட்டது என்றெல்லாம் சொன்னான். வெண்ணெய் தலையாட்டினார்.

“முதலாளிகிட்ட சொல்லிடுங்க மாமா.”

“என்னத்த?”

“நாற்காலிக்கு முத்தம் குடுக்கறதைத்தான்.”

வெண்ணெய் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சொன்னா சாக்பீஸ் உன் கைக்கு வரும்” என்றார்.

மைத்துனனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அழுத்தினது நான்னு இன்னிக்கு ஊருக்கு முன்னால ஏச்சு வாங்கினேனே, அதுவும் சாக்பீஸுக்குத்தானா?” என்று கேட்டான். வேண்டாததைப் பேசிவிட்டோம் என்று வெண்ணெய்க்கு எங்கோ தூரத்தில் தெரிந்தது, பக்கத்து வீட்டு வானொலி மாதிரி. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். மைத்துனன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான், ஏறி மிதிக்கவில்லை.

நாளைக்குச் சொல்ல முடியவில்லை. நாளைக்கு விழா. பட்டறை வாசலில் தாளால் செய்த தோரணம், மெஷினின் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன். மெஷின் குணமடைந்ததை முன்னிட்டு ‘மறுபிறப்பு விழா’ என்று முதலாளி அதற்குப் பெயர் சூட்டியிருந்தார். பாலர் பள்ளித் தலைமை ஆசிரியையை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்; முன்வரிசை என்பது ஒரே ஒரு நாற்காலி. குணமான மெஷினில் தேய்த்த முதல் குட்டி நாற்காலி ஒரு மேசைமேல் நின்றது. எல்லோர் முன்னிலையிலும் வெண்ணெய் அதைக் கை பார்ப்பார், கோடு போடுவார், மீதி நாற்காலிகளுக்கு ஆசிரியை அங்கேயே சம்மதம் சொல்வார். ஏற்பாடு அது.

கூட்டம் கூடுமுன் நிபுணர் முதலாளியை ஓரமாக அழைத்துப் போய், ஒரு விஷயம் உறுத்துகிறது என்றார். கருகலும் அலையும் மெஷினில் விழுந்தது, சரி. ஆனால் பிள்ளைகள் கையில் ஏறிய சிராய் எல்லாம் கைப்பிடியின் அடிப்பக்க வளைவிலிருந்து வந்திருக்கிறது. அந்த இடத்துக்கு மெஷினே போகாதே. அது கையால் தேய்த்து, கையால் பார்க்கிற இடமல்லவா?

முதலாளிக்கு ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலைக் காணவில்லை என்பது அப்போது பெரிய கவலை. விழா முடிந்ததும் பேசலாம் என்றார். பக்கத்திலேயே நின்றிருந்த வெண்ணெய்க்கு இது முழுக்கக் கேட்டது. அந்த நாற்காலியின் அடிப்பக்கத்தை அவர்தான் நேற்று உப்புத்தாளால் தேய்த்திருந்தார். நன்றாகத் தேய்த்ததாகத்தான் ஞாபகம். கிடங்குக்குத் தூக்கிப் போய் ஒருமுறை கன்னத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் நாற்காலி மேசைமேல் ஏறிவிட்டது, அதைச் சுற்றிப் பூ வைத்தாகிவிட்டது. விழாவுக்காக வைத்த பொருளை யாரும் கிடங்குக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

கத்தரிக்கோல் கிடைத்தது. ரிப்பன் வெட்டப்பட்டது. மெஷினைப் போட்டார்கள், அது நடுக்கமில்லாமல், ஒரே சுருதியில் ஓடிற்று. முதலாளி அதை நிறுத்தவிடவில்லை. அந்த இரைச்சலுக்கு மேலே ஒலிபெருக்கியில் பேசினார்: ஒரு பக்கம் நவீனம், மறுபக்கம் அனுபவம், நடுவில் தாம். வெண்ணெயை அழைத்தார்.

வெண்ணெய் மேசை முன்னால் நின்றார். இடது கையில் சாக்பீஸ். கண்ணை மூடினார். வலது கை விரல்களைக் கைப்பிடியின் மேல்பக்கத்தில் வைத்து ஓட்டினார், ஓரத்தில் ஓட்டினார், அடியில் வளைத்து உள்ளே விட்டு ஓட்டினார். காதைத் தீட்டினார். மெஷின் சத்தம். ஒலிபெருக்கியின் உய்ங். இரண்டையும் தவிர உலகத்தில் எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் தடவினால் தடவியதாகத் தோன்றும் என்று அவருக்குப் பழக்கம் உண்டு; அவ்வளவு நேரம் தடவினார். பழக்கப்படி முகத்தில் ஒரு திருப்தியையும் வரவழைத்தார். கண்ணைத் திறக்காமலே இடது கையால் கோடு போட்டார்.

கை தட்டல் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. யாரோ மெஷினை நிறுத்தினார்கள்.

கண்ணைத் திறந்தார். எல்லோரும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைப்பிடியின் அடியிலிருந்து சிவப்பாக எதுவோ வழிந்து, நாற்காலிக் காலில் ஒரு கோடாக இறங்கி, பூவின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

“யாருக்கு அடி பட்டுச்சு?” என்று கேட்டார் வெண்ணெய்.

முதலாளி ஒலிபெருக்கியின் மைக்கை அவர் பக்கமே நீட்டிக்கொண்டு நின்றதால் கேள்வி பட்டறை முழுவதும் கேட்டது. மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டான். தலைமை ஆசிரியைதான் எழுந்து வந்தார். வெண்ணெயின் வலது கையைப் பிடித்து, பிள்ளைகளின் கையைத் திருப்புகிற மாதிரித் திருப்பினார். நடுவிரலில், நகத்துக்குக் கீழே, தீக்குச்சி நீளத்துக்கு ஒரு சிராய் ஏறி நின்றது. அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு விரலால் அதைப் பிடித்து, ஒரே இழுப்பில் உருவினார்.

“வலிக்குதா?” என்றார், வழக்கம் காரணமாக.

“இல்லீங்க” என்றது ஒலிபெருக்கி.

அதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நிபுணர் கருவிப் பையை மூடினார். ஆசிரியை தம் கைக்குட்டையை அந்த விரலில் சுற்றி, முடிச்சுப் போட்டு, முடிச்சின் நுனியை உள்ளே செருகினார். நாற்காலிகளை வாங்கிக்கொள்வதாகவும், ஆனால் இனி வேறு யாராவது பார்த்த பிறகு அனுப்பும்படியும் முதலாளியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். வெண்ணெய் சாக்பீஸைப் பார்த்தார். மைத்துனன் பக்கம் நீட்டினார். அவன் கையை நீட்டவில்லை. அவன் சட்டைப் பையில் அதைப் போட்டுவிட்டார். உள்ளே விழுந்ததா என்று குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டார்.

முதலாளி கொஞ்ச நேரம் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். அவர் சும்மா நின்று பட்டறையில் யாரும் பார்த்ததில்லை. அப்பா சாகும்போதுகூட இரண்டு வார்த்தை பேசியவர். பிறகு தொண்டையைச் செருமினார். தொழிலுக்கு விரல்களையே காணிக்கையாக்கிய ஒரு மாமனிதரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். குரல் நிஜமாகவே தழுதழுத்தது. அப்பேர்ப்பட்டவரை இந்தப் பட்டறை ஒருநாளும் வெளியே அனுப்பாது என்றார். இன்று முதல் அவர் தரத்துக்கான நிரந்தரத் தலைமை ஆலோசகர் என்றார். வாசல் பக்கம் அவருக்கென்று தனி இருக்கை என்றார். வெட்டிய ரிப்பனில் பாதியை எடுத்து அவர் தோளில் போட்டார். இப்போது எல்லோரும் கை தட்டினார்கள், மைத்துனனைத் தவிர. வெண்ணெய் வணக்கம் சொன்னார். வாசல் பக்கத்து இருக்கையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தார்.

அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது.